சாய்ந்தால் திரும்பும் சக்கரங்கள்

ஸ்கேட்போர்டின் 'டிரக்': இயக்கமும் தேர்வும்

ஸ்ரீவில்லிபுத்தூரின் ஆடிப்பூரத் தேரோட்டத்தை நீங்கள் பார்த்திருக்கலாம். வடம் பிடித்து இழுக்கும்போது தேர் வீதியில் நேராக உருண்டு வரும். வீதி முனையை அடைந்ததும் நின்றுவிடும். அதுவரை தேரோடு நடந்து வந்தவர்கள் கட்டைகளைத் தூக்கிக்கொண்டு சக்கரங்களுக்கருகே ஓடுவார்கள். சக்கரத்தின் அடியில் சரிவான கட்டையைக் கொடுத்து, வடத்தை இழுத்து, சக்கரத்தைச் சிறிது பக்கவாட்டில் வழுக்கச் செய்வார்கள். மீண்டும் கட்டை, மீண்டும் இழுப்பு. இப்படிப் பல முறை செய்த பிறகே தேர் அடுத்த வீதியை நோக்கித் திரும்பும்.

அவ்வளவு பேர் இழுத்தும் தேர் ஏன் எளிதில் திரும்புவதில்லை? எடை மட்டுமே காரணமன்று. சக்கரம் தன் அச்சுக்குச் செங்குத்தான திசையில்தான் உருளும். தேரின் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றுக்கொன்று இணையாக நிலையாகப் பொருத்தப்பட்டவை. ஆகவே இரண்டு அச்சுகளின் சக்கரங்களும் ஒரே நேர்கோட்டில் செல்லவே இசையும். தேரைத் திருப்ப வேண்டுமானால் சக்கரம் உருளாமல் தரையில் தேய்ந்து வழுக்கியாக வேண்டும். அப்போது எழும் உராய்வை வெல்லத்தான் அத்தனை கட்டைகளும் அத்தனை கைகளும் வேண்டியிருக்கின்றன.

நான்கு சக்கர வண்டிகள் எல்லாவற்றுக்கும் இந்தச் சிக்கல் உண்டு. லாரியில் முன் சக்கரங்களை ஸ்டியரிங் திருப்புகிறது. ரயில் பெட்டியின் சக்கரங்கள், பெட்டிக்கு அடியில் தனியே திரும்பக்கூடிய 'போகி' என்னும் சட்டத்தில் பொருத்தப்பட்டுள்ளன. மெக்கானிக் கடையில் பழைய பேரிங்குகளைக் கேட்டு வாங்கி, நம் தெருச் சிறுவர்கள் செய்யும் பேரிங் வண்டியில், முன் கட்டை ஒரே போல்ட்டின் மேல் சுழலும். அதைக் காலால் உதைத்தோ கயிற்றால் இழுத்தோ திருப்புகிறார்கள்.

ஸ்கேட்போர்டில் ஸ்டியரிங்கும் இல்லை, கயிறும் இல்லை. அதன் மேல் நிற்பவர் வலப்புறம் சாய்ந்தால் வண்டி வலப்புறம் திரும்புகிறது; இடப்புறம் சாய்ந்தால் இடப்புறம் திரும்புகிறது. சாய்வைத் திருப்பமாக மாற்றும் அந்த உறுப்புக்கு 'டிரக்' என்று பெயர். பெயரைக் கேட்டு லாரியை எண்ணிவிடாதீர்கள். அமெரிக்காவில் ரயில் போகியை டிரக் என்றுதான் சொல்வார்கள். ஒரு ஸ்கேட்போர்டில் முன்னும் பின்னுமாக இரண்டு டிரக்குகள் இருக்கும்.

டிரக்கைப் பற்றி ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்?

2021இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில் ஸ்கேட்போர்டு முதன்முறையாகப் போட்டியாக இடம்பெற்றது. பெண்களுக்கான தெருப் பிரிவில் தங்கம் வென்ற ஜப்பானின் மோமிஜி நிஷியாவுக்கு அப்போது வயது 13. நம் மாநிலத்திலும் இவ்விளையாட்டு உண்டு. மாமல்லபுரத்துச் சிறுமி ஒருத்தி ஸ்கேட்போர்டு ஓட்டுவதைக் காட்டும் 'கமலி' என்ற குறும்படம், 2020இல் பிரிட்டனின் பாஃப்டா குறும்பட விருதுக்கான இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. அவ்வாண்டு அந்த விருதைப் பெற்ற படமும் ஸ்கேட்போர்டைப் பற்றியதே. அது காபூல் நகரச் சிறுமிகள் ஸ்கேட்போர்டு பழகுவதைக் காட்டியது.

இவற்றைப் பார்த்து ஆவல் கொண்டு வாங்குகிற முதல் பலகை பெரும்பாலும் நேராக மட்டுமே போகிறது. எவ்வளவு சாய்ந்தாலும் திரும்புவதில்லை. அல்லது தொட்டவுடன் சாய்ந்து கீழே தள்ளிவிடுகிறது. ஒரு வாரம் முயன்றுவிட்டு, "எனக்கு இது வராது" என்று பலகையைப் பரண்மேல் போட்டுவிடுகிறார்கள். உண்மையில் குறை அவர்கள் காலில் இருப்பதில்லை. பல நேரங்களில் டிரக்கில் உள்ள ஒரு நட்டிலோ, ஒரு ரப்பர்த் துண்டிலோதான் குறை இருக்கும். அதைக் கண்டுபிடிக்கப் பத்தாம் வகுப்புக் கணிதமும் இயற்பியலும் போதும்.

டிரக்கின் உறுப்புகள்

பலகையைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

அடித்தகடு: நான்கு திருகுகளால் பலகையோடு பிணைக்கப்பட்ட தகடு.

ஹேங்கர்: அச்சைத் தாங்கும் முக்கோண வடிவ உறுப்பு. நல்ல டிரக்கில் இது அலுமினியக் கலவையால் வார்க்கப்பட்டிருக்கும். இதன் வழியே 8 மி.மீ. விட்டமுள்ள எஃகு அச்சு செல்கிறது. அச்சின் இரு முனைகளிலும் சக்கரங்கள் உள்ளன.

கிங்பின்: அடித்தகட்டிலிருந்து சாய்வாக நீட்டிக்கொண்டிருக்கும் தடித்த போல்ட். லாரிப் பட்டறைகளில் இந்தச் சொல்லை நீங்கள் கேட்டிருக்கலாம்.

புஷ்: கிங்பின்னில் கோத்த இரண்டு உருண்டைத் துண்டுகள். பார்வைக்கு ரப்பர் போலிருக்கும். பாலியூரித்தேன் என்னும் பிளாஸ்டிக்கால் ஆனவை. ஹேங்கரில் உள்ள வளையம் இவ்விரண்டுக்கும் நடுவில் அழுந்தி நிற்கும்.

முளையும் கிண்ணமும்: ஹேங்கரின் மறுமுனையில் நீண்டிருக்கும் முளை, அடித்தகட்டிலுள்ள ஒரு சிறு கிண்ணத்தில் பொருந்தியிருக்கும்.

ஹேங்கர் இரண்டு இடங்களில் தாங்கப்பட்டிருப்பதைக் கவனியுங்கள். ஒன்று முளையின் நுனி. மற்றொன்று புஷ்களுக்கு இடையிலுள்ள வளையத்தின் மையம். இவ்விரண்டு புள்ளிகளையும் இணைக்கும் கோடே ஹேங்கரின் சுழல் அச்சு. இந்தக் கோடு தரைக்குக் கிடையாகவும் இல்லை, செங்குத்தாகவும் இல்லை, சாய்ந்திருக்கிறது. டிரக்கின் சூட்சுமம் முழுவதும் இந்தச் சாய்வில்தான் உள்ளது.

சாய்வு எப்படித் திருப்பமாகிறது?

முதலில் இரண்டு எல்லைகளைக் கற்பனை செய்வோம். சுழல் அச்சு பலகையின் நீளவாட்டில் கிடையாகக் கிடந்தால் என்ன ஆகும்? பலகை தொட்டில் போல இடமும் வலமும் ஆடும். சக்கரங்கள் திரும்பா. சுழல் அச்சு செங்குத்தாக நின்றால்? பேரிங் வண்டியின் முன் கட்டையைப் போலச் சக்கரங்கள் திரும்பும். ஆனால் பலகை சாயாது. ஆகவே கால் அழுத்தத்தால் அதைத் திருப்ப இயலாது.

சுழல் அச்சு இவ்விரண்டுக்கும் இடையில் சாய்ந்திருக்கும்போது இரண்டு இயக்கங்களும் ஒன்றோடொன்று பிணைந்துவிடுகின்றன. நம் எடை சக்கரங்களைத் தரையோடு அழுத்தி வைத்திருக்கிறது. எனவே சக்கர அச்சு கிடையாகவே இருந்தாக வேண்டும். அந்த நிலையில் பலகை சாய வேண்டுமானால் சக்கர அச்சு சிறிது திரும்பியே தீர வேண்டும், வேறு வழியில்லை.

முன் டிரக்கும் பின் டிரக்கும் எதிரெதிராகப் பொருத்தப்பட்டுள்ளன. ஆகவே முன் அச்சு ஒரு பக்கம் திரும்பினால் பின் அச்சு மறுபக்கம் திரும்புகிறது. இரண்டு அச்சுகளையும் கோடுகளாக நீட்டினால் அவை ஒரு புள்ளியில் சந்திக்கும். அப்புள்ளியே பலகை செல்லும் வட்டத்தின் மையம். தேரில் இணையாக இருந்த அச்சுகள் இங்கே சந்திக்கும் அச்சுகளாகிவிட்டன. சக்கரம் வழுக்க வேண்டிய தேவை இல்லை, கட்டையும் தேவையில்லை.

இந்த உபாயம் ஸ்கேட்போர்டுக்கும் முற்பட்டது. 1863இல் நியூயார்க்கைச் சேர்ந்த ஜேம்ஸ் பிளிம்ப்டன் என்பவர், காலில் அணியும் நான்கு சக்கர ஸ்கேட்டுக்கு இதைப் பயன்படுத்திக் காப்புரிமை பெற்றார். அதற்குமுன் ஸ்கேட் அணிந்தவர்கள் வளைவில் திரும்பப் பெரும்பாடுபட்டார்கள்.

ஒரு சிறு கணக்கு

சுழல் அச்சு தரையோடு ஏற்படுத்தும் கோணத்தை டிரக்கின் கோணம் என்போம். வடிவக் கணிதத்தின்படி,

டேன் (சக்கர அச்சு திரும்பும் கோணம்) = டேன் (டிரக்கின் கோணம்) × சைன் (பலகை சாயும் கோணம்)

இரண்டு டிரக்குகளும் ஒரே கோணமுடையவை என்றால், பலகை செல்லும் வட்டத்தின் ஆரம்:

ஆரம் = முன், பின் அச்சுகளுக்கு இடையிலுள்ள தொலைவில் பாதி ÷ டேன் (சக்கர அச்சு திரும்பும் கோணம்)

அச்சுகளுக்கிடையே 36 செ.மீ. தொலைவுள்ள ஒரு பலகையை எடுத்துக்கொள்வோம். பாதி 18 செ.மீ. பலகையை 10 பாகை சாய்க்கிறோம். 10 பாகையின் சைன் மதிப்பு 0.174. இப்போது விடைகள்:

டிரக்கின் கோணம் 60 பாகை எனில், ஆரம் ஏறத்தாழ 60 செ.மீ.
45 பாகை எனில், ஏறத்தாழ 104 செ.மீ.
30 பாகை எனில், ஏறத்தாழ 180 செ.மீ.
20 பாகை எனில், ஏறத்தாழ 285 செ.மீ.

ஒரே சாய்வுதான், ஆனால் டிரக்கின் கோணம் கூடக்கூடத் திருப்பம் இறுக்கமாகிறது. அப்படியானால் கோணம் மிகுந்த டிரக்கே சிறந்தது என்று முடிவு கட்டிவிடலாமா? சற்றுப் பொறுங்கள், வேகத்தை இன்னும் நாம் கணக்கில் சேர்க்கவில்லை.

வேகம் கேட்கும் விலை

வட்டப் பாதையில் செல்லும் பொருளுக்கு மையநோக்கு முடுக்கம் தேவை. அதன் அளவு, திசைவேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் வகுத்தால் கிடைக்கும். நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் 1.8 மீட்டர் ஆரமுள்ள வளைவில் சென்றால் முடுக்கம் 2.2 மீ/நொடி². இது புவியீர்ப்பு முடுக்கத்தில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. உடலை ஏறத்தாழ 13 பாகை உட்புறம் சாய்த்தால் சமாளித்துவிடலாம்.

அதே வளைவில் நொடிக்கு 4 மீட்டர் வேகத்தில் சென்றால்? முடுக்கம் நான்கு மடங்காகிறது. உடல் 42 பாகை சாய வேண்டும். பழகாதவர் வெளிப்புறமாகத் தூக்கி எறியப்படுவார். வேகத்தை இரட்டிப்பாக்கும்போது பழைய 13 பாகைச் சாய்வே போதும் என்றிருக்க வேண்டுமானால், வளைவின் ஆரத்தை நான்கு மடங்காக, அதாவது 7.2 மீட்டராக ஆக்க வேண்டும்.

இப்போது 45 பாகை டிரக்கில் இந்த 7.2 மீட்டர் வளைவுக்குப் பலகை எவ்வளவு சாய வேண்டும் என்று கணக்கிடுங்கள். விடை வெறும் 1.4 பாகை! ஓடும் பலகையின் மேல் நின்றுகொண்டு ஒரு பாகை, அரைப் பாகை என்று பாதத்தால் அளந்து அழுத்துவது எளிதா? 20 பாகை டிரக்கிலோ அதே வளைவுக்கு 3.9 பாகை சாய வேண்டும். பாதத்தின் சிறு பிழையை அது மன்னிக்கிறது.

வேகமாகச் செல்லும்போது பலகை இடமும் வலமும் வெடவெடவென்று ஆடத் தொடங்கும் ஆபத்துக்கும் இதனோடு தொடர்புண்டு. பலகை ஒரு பக்கம் சாய்ந்ததை உணர்ந்து நம் உடல் அதைத் திருத்தச் சிறிது நேரமாகிறது. திருத்தம் வந்து சேரும்போது பலகை மறுபக்கம் திரும்பத் தொடங்கியிருந்தால், நம் அழுத்தம் அந்த ஆட்டத்தைக் கூட்டிவிடும். ஊஞ்சலைச் சரியான தருணத்தில் தள்ளத் தள்ள வீச்சு பெருகுவது போன்றதே இதுவும். அதனால்தான் மலைச்சரிவில் பந்தயம் ஓட்டுவோர் பலர், முன் டிரக்கைவிடப் பின் டிரக்கின் கோணத்தைக் குறைத்துப் பொருத்துகிறார்கள். எடையின் பெரும்பகுதியை முன்காலில் வைக்கிறார்கள்.

ஆக, டிரக்கின் அடிப்படை விதி இதுதான்: எளிதில் திரும்புவது எளிதில் ஆடும், ஆடாமல் செல்வது எளிதில் திரும்பாது. இரண்டையும் ஒருசேரத் தரும் டிரக் எந்தக் கடையிலும் கிடைக்காது. தெருவிலும் திடலிலும் மெதுவாகப் பழகுவோருக்குத் திருப்பம் முக்கியம். சரிவில் வேகமாகச் செல்வோருக்கு நிலைத்தன்மை முக்கியம்.

புஷ்: உங்கள் எடைக்கு ஒரு வில்

டிரக்கின் கோணம், எவ்வளவு சாய்ந்தால் எவ்வளவு திரும்பும் என்பதைத் தீர்மானிக்கிறது. எவ்வளவு அழுத்தினால் எவ்வளவு சாயும் என்பதைத் தீர்மானிப்பது புஷ். அது ஒரு வில் போலச் செயல்படுகிறது. அழுத்தினால் நசுங்கும்; விட்டால் பலகையைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும்.

ஒரு டிரக் ஜோடியின் புஷ்கள், 1 பாகை சாய 12 கிலோகிராம்-செ.மீ. திருப்புத்திறனைக் கேட்பதாகக் கொள்வோம். 60 கிலோ எடையுள்ள அண்ணன் தன் எடையைப் பலகையின் நடுக்கோட்டிலிருந்து 2 செ.மீ. தள்ளி அழுத்துகிறார். திருப்புத்திறன் 60 × 2 = 120. பலகை 10 பாகை சாய்கிறது. 45 பாகை டிரக்கில் அவர் ஏறத்தாழ 1 மீட்டர் ஆரத்தில் திரும்பிவிடுகிறார். அதே பலகையில் 30 கிலோ எடையுள்ள தம்பி ஏறி, அதே 2 செ.மீ. அழுத்துகிறான். திருப்புத்திறன் 60, சாய்வு 5 பாகை, ஆரம் 2 மீட்டருக்கும் மேல். அண்ணன் திரும்பிய முனையில் தம்பி சுவரில் மோதுகிறான்! அவன் திறமைசாலி அல்லன் என்பது பொருளன்று. அந்த புஷ் அவன் எடைக்கு ஏற்றதன்று.

புஷ்ஷின் கடினத்தை 'ஷோர் ஏ' என்னும் அளவுகோலில் குறிப்பார்கள். எண் 0 முதல் 100 வரை செல்லும். எண் கூடினால் கடினம் கூடும். சிவகாசியில் அச்சகம் நடத்துபவர் யாரேனும் உங்களுக்குத் தெரிந்திருந்தால் அவரிடம் கேட்டுப் பாருங்கள். ஆஃப்செட் எந்திரத்தில் மையைப் பரப்பும் ரப்பர் உருளைகளின் கடினமும் இதே அளவுகோலில்தான் அளக்கப்படுகிறது. ஒரு சிறு ஊசிமுனையை ரப்பரில் அழுத்தி, அது எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று பார்க்கும் கருவி அது. மை உருளைகள் மிக மென்மையானவை. ஸ்கேட்போர்டு புஷ்களோ பெரும்பாலும் 78 முதல் 100 வரை இருக்கும்.

தொடக்கத்துக்கு இப்படி வைத்துக்கொள்ளலாம்: 40 கிலோவுக்குக் குறைந்த எடையுள்ளவர்களுக்கு 80ஐ ஒட்டிய புஷ், 40 முதல் 60 கிலோ வரை 85 முதல் 90, 70 கிலோவுக்கு மேற்பட்டவர்களுக்கு 95ஐ ஒட்டியது. பழகப் பழக உங்கள் விருப்பத்துக்கேற்பக் கூட்டவோ குறைக்கவோ செய்யலாம். புஷ் தனியே விற்கப்படும் பொருள். டிரக் முழுவதையும் மாற்றுவதைவிட இது மிகவும் மலிவு.

கிங்பின் நட்டை இறுக்கினால் புஷ் முன்கூட்டியே நசுங்கிக் கடினமாகும், தளர்த்தினால் மென்மையாகும். கால் சுற்று, கால் சுற்றாக மாற்றி ஓட்டிப் பாருங்கள். இரண்டு டிரக்குகளிலும் ஒரே அளவு மாற்றுங்கள். புஷ் பிதுங்கி வெளித்தள்ளும் அளவுக்கு இறுக்காதீர்கள். அவ்வளவு இறுக்கம் தேவைப்பட்டால் கடினமான புஷ் வாங்க வேண்டும் என்று பொருள். நட்டின் மரைகள் முழுவதும் போல்ட்டில் பொருந்தாத அளவுக்குத் தளர்த்துவதும் கூடாது; ஓடும்போது நட்டு கழன்றுவிடும்.

அகலமும் உயரமும்

பலகையின் அகலமும் சக்கர அச்சின் முழு நீளமும் ஏறத்தாழச் சமமாக இருக்க வேண்டும். 20 செ.மீ. அகலப் பலகைக்கு அச்சும் 20 செ.மீ.; அரை செ.மீ. கூடினாலும் குறைந்தாலும் தாழ்வில்லை. அச்சு மிகக் குட்டையாக இருந்தால் பலகையின் விளிம்பு சக்கரத்துக்கு வெளியே நீண்டுவிடும். விளிம்பில் காலை வைத்ததும் எடையின் செயல்கோடு சக்கரத்துக்கு வெளியே விழுந்து, பலகை கவிழ்ந்துவிடும். அச்சு மிக நீளமாக இருந்தால் தரையை உதைக்கும் கால் சக்கரத்தில் இடிபடும். டிரக்கின் மேல் பொறித்திருக்கும் எண் எல்லா நிறுவனங்களிலும் ஒரே பொருளைத் தருவதில்லை. ஆகவே அச்சின் ஒரு நுனியிலிருந்து மறுநுனிவரை அளவுகோலை வைத்து நீங்களே அளந்துவிடுங்கள்.

உயரத்தை ஏன் பார்க்க வேண்டும்? பலகை சாயும்போது அதன் விளிம்பு கீழிறங்குகிறது. நடுக்கோட்டிலிருந்து 9 செ.மீ. தள்ளியுள்ள இடம், 15 பாகைச் சாய்வில் 9 × 0.259 = 2.3 செ.மீ. இறங்கும். டிரக்கின் உயரம், அதாவது பலகையின் அடிப்பரப்பிலிருந்து அச்சின் மையம் வரை, 53 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 52 மி.மீ. விட்டமுள்ள சக்கரத்தின் மேல்விளிம்புக்கும் பலகைக்கும் இடைவெளி 27 மி.மீ.; எனவே தொடாது. 60 மி.மீ. சக்கரம் போட்டால் இடைவெளி 23 மி.மீ.; பலகை சக்கரத்தைத் தொட்டுவிடும். தொட்ட கணத்தில் சக்கரம் நின்றுவிடுகிறது. பலகை நிற்கும், நிலைமத்தால் நீங்கள் நிற்க மாட்டீர்கள்! சிறு கற்கள் நிறைந்த நம் ஊர்ச் சாலைகளுக்குப் பெரிய, மென்மையான சக்கரங்களே ஏற்றவை. அவற்றைப் போடும்போது உயரமான டிரக்கையோ, டிரக்குக்கும் பலகைக்கும் இடையில் ஒரு தடித்த பிளாஸ்டிக் அட்டையையோ சேர்த்துக்கொள்ள வேண்டும்.

செய்து பாருங்கள்

உங்கள் டிரக்கின் கோணத்தை நீங்களே கண்டுபிடிக்கலாம். தேவையானவை: சமமான சிமெண்டுத் தரை, கோலமாவு, நூல், அளவுகோல், இரண்டு நண்பர்கள்.

தரையில் கோலமாவை மெல்லிய படலமாகத் தூவுங்கள். ஒரு நண்பரைப் பலகையின் மேல் உட்காரச் சொல்லி, ஒரு பக்கமாகச் சாய்ந்து அசையாமல் இருக்கச் சொல்லுங்கள். பலகையின் இடது விளிம்பும் வலது விளிம்பும் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் உள்ளன என்று அளந்து, வேறுபாட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். அதைப் பலகையின் அகலத்தால் வகுத்தால் சாய்வுக் கோணத்தின் சைன் மதிப்பு கிடைத்துவிடும். 20 செ.மீ. அகலப் பலகையில் வேறுபாடு 3.5 செ.மீ. எனில் மதிப்பு 0.175.

இப்போது பலகையை மெதுவாகத் தள்ளுங்கள். மாவில் சக்கரங்கள் வில் வடிவக் கோடுகளை வரையும். உட்பக்கக் கோட்டுக்கும் வெளிப்பக்கக் கோட்டுக்கும் நடுவே ஒரு வில்லைக் குறித்து, அதன் இரு புள்ளிகளை நூலால் இணையுங்கள். இதுவே நாண். நாணின் நடுவிலிருந்து வில் வரை உள்ள உயரத்தையும் அளந்துகொள்ளுங்கள்.

ஆரம் = (நாண்² ÷ 8 × உயரம்) + (உயரம் ÷ 2)

முதல் பகுதியில் நாணின் வர்க்கத்தை, எட்டு மடங்கு உயரத்தால் வகுக்க வேண்டும். நாண் 80 செ.மீ., உயரம் 8 செ.மீ. எனில், ஆரம் 100 + 4 = 104 செ.மீ. அச்சுகளின் தொலைவில் பாதி 18 செ.மீ.; 18 ÷ 104 = 0.173. இதை 0.175ஆல் வகுத்தால் 0.99. எந்தக் கோணத்தின் டேன் மதிப்பு 0.99? ஏறத்தாழ 45 பாகை. உங்கள் பலகைக்கு என்ன விடை வருகிறது என்று பாருங்கள். நண்பர்களின் பலகைகளையும் அளந்து ஒப்பிடுங்கள்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

1. ஹேங்கரும் அடித்தகடும் உலோகமா, பிளாஸ்டிக்கா? பிளாஸ்டிக் டிரக் பொருத்திய பொம்மைப் பலகை உங்கள் எடையைத் தாங்குவதற்கானது அன்று.

2. தரையில் வைத்து அதன் மேல் ஏறி நின்று, கால்விரல்களாலும் பின்பு குதிகால்களாலும் அழுத்துங்கள். பலகை சாய வேண்டும். விட்டதும் நேராக வேண்டும். சாயவே இல்லை என்றால் நட்டைத் தளர்த்திப் பாருங்கள். அப்போதும் சாயாவிட்டால் வாங்காதீர்கள்.

3. இரண்டு டிரக்குகளின் புஷ்களும் பலகையின் நடுப்பகுதியை நோக்கி இருக்கின்றனவா? வழக்கமான டிரக்குகளில் அப்படித்தான் இருக்க வேண்டும். ஒன்று மாறிப் பொருத்தப்பட்டிருந்தால் இரண்டு அச்சுகளும் ஒரே பக்கம் திரும்பும். பலகை வளையாமல் நண்டு போலக் கோணலாக நகரும்.

4. நான்கு சக்கரங்களும் ஒரே நேரத்தில் தரையைத் தொடுகின்றனவா? ஒன்று தூக்கிக்கொண்டிருந்தால் அச்சு வளைந்திருக்கலாம்.

5. அச்சின் நீளம் பலகையின் அகலத்துக்குப் பொருந்துகிறதா?

6. முழுவதும் சாய்க்கும்போது பலகை சக்கரத்தில் படுகிறதா?

7. புஷ், கிண்ணம், நட்டு ஆகியவை தனியே கிடைக்கின்றனவா? தேய்பவை இவைதாம்.

சிவகாசி, சாத்தூர், விருதுநகர் வட்டார மாணவர்களுக்கு மேலும் ஓர் எச்சரிக்கை. தேர்ந்தவர்கள் டிரக்கைச் சிமெண்டு விளிம்பிலும் இரும்புக் கம்பியிலும் உரசிச் செல்லும் வித்தை செய்வார்கள். எஃகு அச்சு கல்லில் உரசினால் தீப்பொறி எழலாம். துருப்பிடித்த இரும்பின்மேல் அலுமினியம் வேகமாக உரசினாலும் கடும் வெப்பமுள்ள பொறி உண்டாகலாம். பேரிங் வண்டியின் எஃகுச் சக்கரங்களும் அப்படியே. பட்டாசு ஆலைகளில் மருந்தைக் கையாளும் இடத்தில் இரும்புக் கருவிகளை விலக்கிவைப்பது இதற்காகத்தான். ஆகவே பட்டாசு ஆலை, கிடங்கு, கடை, மருந்து காயவைக்கும் இடம் ஆகியவற்றின் அருகே எந்தச் சக்கரப் பலகையையும் ஓட்டாதீர்கள். வாகனம் ஓடாத திடலையோ பள்ளி மைதானத்தின் சிமெண்டுத் தளத்தையோ தேர்ந்தெடுங்கள். ஹெல்மெட்டும் முழங்கால், முழங்கை, மணிக்கட்டுக் காப்புகளும் அணிந்த பிறகே பலகையில் ஏறுங்கள்.

பலகை உங்கள் சொல்லைக் கேட்கவில்லையானால் உடனே மனம் தளர வேண்டாம். அதைக் கவிழ்த்து வையுங்கள். முதலில் நட்டைப் பாருங்கள். அடுத்து புஷ்ஷின் எண்ணை உங்கள் எடையோடு ஒப்பிடுங்கள். அதன்பின் கோலமாவில் ஆரத்தை அளந்து கோணத்தைக் கணக்கிடுங்கள். மூன்றும் சரியாக இருந்தால் மிச்சமிருப்பது பயிற்சி ஒன்றுதான்.